வெள்ளியங்கிரி அடிவாரத்து மூங்கில் தடி: 10 மாதம் கையில் வைத்திருந்து, கொல்லிமலையில் 53 கிலோமீட்டர் ஓடிய பிறகு

நான் எழுதப்போவது 40 ரூபாய்ப் பொருளைப் பற்றி. கோயம்புத்தூர் பக்கம் பூண்டியில், வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில், கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்து விற்கிறார்களே, அந்த மூங்கில் தடிதான். மலையேறுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒன்று வாங்குவார்கள். இறங்கி வந்ததும் சிலர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி அறை மூலையில் நிறுத்தி வைப்பார்கள். நானும் போன மாசியில் அப்படித்தான் வாங்கினேன், ஆனால் மூலையில் வைக்கவில்லை. பத்து மாதம் சென்னிமலைப் படிகளில் அதோடு பழகிவிட்டு, மார்கழியில் கொல்லிமலையில் நண்பர்களோடு ஓடிய 53 கிலோமீட்டருக்கும் அதையே கொண்டுபோனேன். முதல் மலை அல்ட்ராவுக்குத் தயாராகிறவர்கள் "எந்த போல் (ஊன்றுகோல்) வாங்கலாம்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் அல்ட்ரா, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மலைப்பாதையில் போகும் அல்ட்ராவை முழுக்க ஓடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஏற்றத்தில் வேகமாக நடப்போம், சமதளத்தில் ஓடுவோம், இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்றிக்கொண்டு இறங்குவோம். பாதிக்குப் பாதி நடைதான் என்பதால்தான் கையில் ஊன்ற ஒன்று வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டு மண்ணிலும் போகிற நடைபாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையை ஒட்டி 2003 முதல் நடக்கும் ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் மட்டும் 10,000 மீட்டர் கிட்ட வரும். அந்த வீடியோக்களைப் பார்த்தால் ஏற்றத்தில் பெரும்பாலானவர்கள் கையில் இரண்டு மடக்குக் கோல்கள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் முதலில் ஒரு ஜோடி அலுமினியக் கோல் வாங்கினேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, 2,000 ரூபாய்க்குள் வரும் ரகம். நீளத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் ஒரு திருகுப் பூட்டு இருக்கும். சென்னிமலையில் 1,320 படி, அதில் வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் ஏறி இறங்குவது என் பயிற்சி. மூன்றாவது வாரம் இறங்கும்போது ஒரு படியில் பாரத்தை முழுக்கக் கோல் மேல் போட்டேன், பூட்டு நழுவி அது சரசரவென்று உள்ளே போய்விட்டது. கீழே விழவில்லை, பக்கத்துக் கைப்பிடிச் சுவர் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கோலை நம்பி என்னால் பாரம் போட முடியவில்லை. ஊன்றுகோலுக்கு மற்ற எந்தக் குணம் இருந்தும் இல்லாமலும் போகட்டும், நம்பிப் பாரத்தைப் போட முடியவில்லை என்றால் அது கையில் இருப்பதே வீண். நல்ல கார்பன் கோல் வாங்கலாம்தான், அதற்குப் பத்தாயிரத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆகும், எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு பணம் இல்லை.

அப்புறம் மாசியில் வெள்ளியங்கிரி போனோம். ஏழு மலை, ஒரு வழிக்கே ஆறு கிலோமீட்டர் கிட்ட, படியும் பாறையும் வேருமாகப் போகிற பாதை. சமீப வருஷங்களில் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் விடுகிறார்கள். அதைப் பயிற்சி ஓட்டத்துக்கான இடமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது சாமி மலை, ராத்திரி முழுக்க வயதானவர்களும் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருப்பார்கள், நானும் நடந்துதான் போனேன். அடிவாரத்தில் தடி விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் போய், பார்வைக்கு நேராகவும் பளபளப்பாகவும் இருந்த ஒன்றை உருவினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

"அது பச்சைங்கண்ணு, காஞ்சா வெடிச்சுப் போயிரும். கணு நெருக்கமா இருக்கறதாப் பாத்து எடு."

அவர் எடுத்துக் கொடுத்தது மஞ்சளேறி, ஒரு பக்கம் லேசாகக் கறுத்திருந்தது. தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார், கணீரென்று ஒரு சத்தம். நான் முதலில் எடுத்ததைத் தட்டினால் அந்தச் சத்தம் வரவில்லை, பொத்தென்று இருந்தது.

"கொஞ்சம் கனமா இருக்குதுங்களேம்மா?"

"ஏறும்போதுதான் கண்ணு கனந் தெரியும். எறங்கும்போது தெரியாது."

இரண்டும் உண்மை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். மூங்கிலின் நார் நீளவாக்கில் ஓடுவதால் ஒரு இடத்தில் வெடித்தால் விரிசல் மேலும் கீழும் ஓடும், கணு வந்த இடத்தில்தான் அது நிற்கும். கணு நெருக்கமாக இருந்தால் விரிசல் விட்டாலும் ஒரு சாண் தூரத்தோடு போய்விடும். தடி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலே போதும் என்பேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்த வேலைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கிய நிலையிலேயே அதை வைத்து 50 கிலோமீட்டர் போக முடியாது. நீளம் ஐந்தரை அடி இருந்தது, என் உயரம் 5 அடி 5 அங்குலம்தான். ஊன்றி நின்றால் பிடி நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் வருகிற மாதிரி பார்த்து, கீழே ஒரு கணுவை ஒட்டினாற்போல் ரம்பத்தால் அறுத்தேன். கணுவை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி அறுத்தால் அடி நுனி சீக்கிரம் விரிந்து, பல் தேய்த்த வேப்பங்குச்சி மாதிரி ஆகிவிடும். வேப்பெண்ணெய் தடவி நிழலில் ஒரு மாதம் வைத்தேன், மூங்கிலை வண்டு துளைத்தால் உள்ளே மாவாகிவிடும், வெளியில் தெரியவே தெரியாது. பிடிக்கிற இடத்தில் முதலில் சைக்கிள் டியூப் சுற்றினேன், வியர்வையில் கை வழுக்கியது. அதைப் பிரித்துவிட்டு, எங்கள் ஊர்க் கைத்தறித் துண்டு ஒன்றைக் கிழித்து இறுக்கிச் சுற்றித் தைத்தேன், இன்றைக்கு வரைக்கும் அதுதான் இருக்கிறது.

அடி நுனிக்குத்தான் அதிகம் அலைந்தேன். பட்டறையில் கொடுத்து இரும்புப் பூண் போட்டேன். மண்ணில் அருமையாகக் குத்தி நின்றது, ஆனால் பாறையிலும் சிமெண்ட் படியிலும் சறுக்கியது, போதாததற்கு அதிகாலையில் படியில் இறங்கினால் அத்தனை வீட்டு நாயும் குரைக்கிற அளவுக்குச் சத்தம். கடைசியில் மருந்துக்கடையில் பெரியவர்களின் ஊன்றுகோலுக்குப் போடுகிற ரப்பர் புஷ் வாங்கினேன், அடி நுனியைக் கத்தியால் சுற்றிச் சீவி அளவாக்கி அடித்து இறக்கினேன். கழன்று வராமல் இருக்க, தூக்கிப்போட்ட அந்த சைக்கிள் டியூபிலிருந்தே ஒரு துண்டு. எல்லாம் முடிந்து மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 430 கிராம். ஒரு ஜோடி கார்பன் கோலே ஏறக்குறைய அந்த எடைதான் வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கொல்லிமலைக்கு வருகிறேன். இது யாரும் நடத்திய போட்டி இல்லை, நாங்கள் ஒன்பது பேர் பேசி வைத்துக்கொண்டு ஓடியது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகும் பேருந்தில் முந்தின நாள் போய்ச் சேர்ந்தோம். தடியின் முதல் குறை அங்கேயே தெரிந்துவிட்டது, அதை மடக்க முடியாது. ஈரோட்டிலிருந்து நாமக்கல் போகும்போது இருக்கைக்குக் கீழே நீட்டி வைத்திருந்தேன். "ஏனுங்ணா, இதைக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்குங், ஆளுக தடுக்கி உழுந்துருவாங்க" என்று நடத்துநர் சொன்னார், அவர் சொன்னது நியாயம்தான். மூன்று பேருந்து மாறியதில் இந்தத் தடிக்கு இடம் பார்ப்பதே ஒரு வேலையாக இருந்தது.

காலை நாலரைக்குச் செம்மேட்டிலிருந்து கிளம்பினோம். பாதை முழுக்க ஊர்களுக்கு நடுவே மக்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையும் கொஞ்சம் தார்ச்சாலையும்தான், காப்புக்காட்டுக்குள் போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்து போனார்கள். அனுமதி இல்லாமல், வழி தெரிந்த ஆள் இல்லாமல், கோடையில் புல்வெளி மலைக்குள் போவது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் மறக்கவே கூடாது. ஓடப் பழகுகிறவர்களுக்கு ஊர்ப் பாதைகளே போதும், கொல்லிமலையில் அப்படி எத்தனையோ இருக்கின்றன.

முதல் பத்து கிலோமீட்டர் தடி எனக்கு இடைஞ்சல்தான். இருட்டு, சமதளம், எல்லோரும் ஓடுகிறார்கள். சமதளத்தில் ஓடும்போது தடியை நடுவில் சமன் பார்த்துப் பிடித்து, நுனி முன்னால் போகிற மாதிரி தரைக்கு இணையாக வைத்துக்கொள்ள வேண்டும். குறுக்காகப் பிடித்தால் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக்கொடியில் மாட்டும். பின்னால் வருகிறவர் நெருங்கி வந்தால் அவர் வயிற்றில் குத்தும், அதனால் நான் கடைசி ஆளாகவே ஓடினேன். வேகமாக ஓடி நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் மடக்கி இடுப்பில் சொருகுகிற கோலுக்கே காசு சேர்த்து வைக்கட்டும்.

ஏற்றம் ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. இடது கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் தடியை ஊன்றித் தள்ளினால் தொடைக்கு வர வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் தோளும் முதுகும் எடுத்துக்கொள்கின்றன. செங்குத்தான இடத்தில் பிடியைக் கீழே இறக்கிப் பிடிக்கலாம், இறக்கத்தில் மேல்நுனியைப் பிடிக்கலாம், எந்தப் பூட்டையும் திருக வேண்டியதில்லை, கையை நகர்த்தினால் போதும். ஒற்றைத் தடியின் பெரிய சௌகரியம் இன்னொரு கை சும்மா இருப்பது. இரண்டு கோல் வைத்திருந்த நண்பர் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றால் நின்று, கோலைக் கக்கத்தில் இடுக்கி, பையைத் திறந்து, திரும்ப மாட்டி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் விட்டார். நான் நடந்துகொண்டே கடலை உருண்டையும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். இது சின்ன விஷயம் இல்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும்போது உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே போவதற்குக் கை சும்மா இருக்க வேண்டும்.

நாய் விஷயமும் உண்டு. விடியும் நேரத்தில் ஒரு ஊருக்குள் நுழையும்போது ஐந்தாறு நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. அடிக்கவெல்லாம் இல்லை, தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன், அவை தள்ளி நின்றே குரைத்துவிட்டுப் போய்விட்டன. புல் மண்டிய இடங்களில் முன்னால் தட்டிக்கொண்டே போனேன், பாம்புக்குத் தரை அதிர்வு தெரியும்.

இந்தத் தடியை எனக்கு உயர்த்திக் காட்டிய இடம் ஆகாய கங்கை. அறப்பளீசுவரர் கோவிலிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும், இறங்கியதை ஏறித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அது 29-ஆவது கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த காலம், அருவியில் தண்ணீர் நன்றாக இருந்தது, கடைசி நூறு நூற்றைம்பது படி சாரலில் நனைந்து பாசி பிடித்துக் கிடந்தது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதனால்தான் ஏறியதை விட இறங்கியதற்குத்தான் மறுநாள் வலி அதிகம். இறங்குவதற்கு நான் ஒரு வழிமுறை கண்டுபிடித்து வைத்திருந்தேன்: முதலில் தடியைக் கீழ்ப்படியில் வை, ரப்பர் பிடித்துக்கொண்டதா என்று ஒரு நொடி அழுத்திப் பார், அப்புறம் கால். டப், கால், கால். டப், கால், கால். ஓரிடத்தில் ரப்பர் பாசியில் அரை அங்குலம் வழுக்கியது கையிலேயே தெரிந்தது, காலை எடுக்காமல் நின்று, தடியைப் படியின் உள் மூலைக்கு நகர்த்தி வைத்தேன். இரும்புப் பூணாக இருந்தால் அந்த இடத்தில் விழுந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏறும்போது முந்நூறாவது படி வாக்கில் வலது தொடை பிடித்துக்கொண்டது. தசை கட்டியாகி உருண்டு நிற்பது பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. தடியை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை என் கை மேலேயே சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். உடம்பின் மொத்த எடையும் அதன் மேல் இருந்தது, லேசாக வளைந்து கொடுத்ததே தவிர ஒரு முறுக்குச் சத்தம் கூட வரவில்லை. பிறகு இடது காலை மட்டும் முன்னால் வைத்து, தடியால் உடம்பைத் தூக்கி, வலது காலை இழுத்து, ஒவ்வொரு படியாக மேலே வந்தேன். கோவில் வாசலில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தடியைக் கேட்டு வாங்கி, கணுவையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "எந்த ஊரு மூங்கிலுங்க?" என்றார். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கியது என்றதும் ஒரு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போது தொண்டை அடைத்துக்கொண்டது, ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மொத்தம் 53 கிலோமீட்டர், கடிகாரக் கணக்கில் ஏற்றம் 1,900 மீட்டர் சொச்சம், எனக்கு 11 மணி 20 நிமிஷம். ஒன்பது பேரில் ஏழாவதாக வந்தேன்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. ஒற்றைத் தடி என்பதால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, கிலோமீட்டருக்கு ஒரு தரம் கை மாற்றியே ஆக வேண்டும், நான் மறந்துவிட்டதில் வலது தோள் மூன்று நாள் வலித்தது. கட்டை விரல் அடியில் கொப்புளம் வந்தது. ஈரச் செம்மண் சரிவில் ரப்பர் நுனி குத்தி நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும், அந்த இடத்தில் பூண்தான் மேல். நடத்துகிறவர்கள் உள்ள போட்டிகளுக்குப் போகிறீர்கள் என்றால் கோல் கொண்டுபோக அனுமதி உண்டா என்று விதிகளை முன்பே படித்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற மாதிரி தார்ச்சாலையில் நெடுந்தூரம் என்றால் இது தேவையே இல்லை, எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிறவர்கள் யாரும் தடி எடுப்பதில்லை, அது சமதளத்தில் வெறும் சுமை.

காட்டில் போய் நாமே ஒன்று வெட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், காட்டு மூங்கிலில் கை வைக்கக் கூடாது. தோட்டத்து மூங்கில் இருந்தால் அது வேறு, 2017-இல் சட்டத்தைத் திருத்திக் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் 40 ரூபாய்க்குப் பக்குவமான தடியைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும்போது அந்த அம்மாவிடம் வாங்குவதே நல்லது.

முதல் முறை 50 கிலோமீட்டருக்கு மலைக்குப் போகிறவர், நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர், ஏற்றமும் படியும் நிறைய உள்ள பாதை என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ரப்பர் புஷ்ஷையும் சேர்த்தால் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 100 கிலோமீட்டர் போகிறவர்கள், இரவு முழுக்க ஓடுகிறவர்கள் நல்ல ஜோடிக் கோலே வாங்கட்டும், அந்தத் தூரத்துக்கு இரண்டு கைக்கும் வேலை கொடுப்பதுதான் சரி.

என் தடியில் மேலிருந்து மூன்றாவது கணுவுக்குக் கீழே போன வாரம் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. கணு வரைக்கும் வந்து நின்றிருக்கிறது, செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் தாங்கும். மாசியில் மறுபடியும் பூண்டிக்குப் போகிறேன். அந்த அம்மா இருந்தால் இரண்டாகக் கேட்டு வாங்க வேண்டும், ஒன்று எனக்கு, இன்னொன்று அக்கா பையனுக்கு. அவன் 5 அடி 11 அங்குலம், அவனுக்கு அறுக்காமல் முழுத் தடியே சரியாக இருக்கும்.